ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை ஏப்பம்?

திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டுக்குக் கிழக்கே ஒரு ஊரில் எனக்கு உறவுக்கார ஆச்சி ஒருத்தி இருக்கிறாள். தொழுவில் மூன்று ஜெர்சி கலப்பு மாடுகள், ஒரு கிடேரி. சொந்த நிலம் முக்கால் ஏக்கர், அதில் பாதி வாழை. காலை ஐந்தரை மணிக்குத் தூக்குவாளியோடு பால் சொசைட்டிக்குக் கிளம்பிவிடுவாள். போன மாசியில் ஒருநாள் நானும் கூட நடந்தேன். வரிசையில் நிற்கும்போது கேட்டாள்:

"எய்யா, மாடு ஏப்பம் விடுறதாலதான் உலகத்துல சூடு கூடுதாம்லா. டிவில சொல்லுதான். அப்போ இதுகள வித்துறணுமா?"

பின்னால் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. மாட்டுக்கடன் இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருக்கிறவளுக்கு அது சிரிக்கிற கேள்வி இல்லை. அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பாலின் தரத்துக்கு டிகிரி பார்த்து, அளந்து, அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம். விட்டுப்போன அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். மாடு வளர்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

'நீடித்த பால் உற்பத்தி' என்று ஒரு சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், நோட்டீஸ் அடிக்கிறார்கள். அதை நான் புரிந்துகொண்டிருப்பது இப்படி: இன்னும் இருபது வருஷம் கழித்தும் ஆச்சியின் தொழுவில் மாடு நிற்க வேண்டும். அதற்குப் புல் இருக்க வேண்டும், கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும், வெயில் மாடு தாங்குகிற அளவில் இருக்க வேண்டும், முக்கியமாகப் பால் ஊற்றுகிறவர் கையில் நாலு காசு மிஞ்ச வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முன்னால் சொன்ன மூன்றும் இருந்தும் புண்ணியமில்லை. பேரன் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிவிடுவான்.

ஏப்பம் எங்கிருந்து வருகிறது

மாட்டுக்கு வயிறு நாலு அறை. முதல் அறைதான் பெரியது. வளர்ந்த மாட்டுக்கு நூறு லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். அதை இட்லி மாவு புளிக்கிற பானை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோலும் புல்லும் நம் வயிற்றில் செரிக்காது. மாட்டுக்கும் தானாகச் செரிக்காது. அந்தப் பானைக்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்து, புளிக்க வைத்து, மாட்டுக்கு வேண்டிய சத்தாக மாற்றித் தருகின்றன. மாவு புளித்தால் நுரை வருகிற மாதிரி இங்கேயும் வாயு வரும். மிஞ்சுகிற ஹைட்ரஜனை வேறொரு வகை நுண்ணுயிர் பிடித்து மீத்தேனாக்கிவிடும். மாடு படுத்து அசைபோடும்போது அது ஏப்பமாக வெளியே போகிறது. பலரும் நினைக்கிற மாதிரி பின்பக்கமாக இல்லை. பெரும்பகுதி வாய் வழியாகத்தான்.

நம் பக்கத்துக் கறவை மாடு ஒன்று வருஷத்துக்கு ஏறக்குறைய 50 முதல் 75 கிலோ வரை மீத்தேன் விடுவதாக விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். மாடு தின்ற தீவனத்தில் இருக்கும் ஆற்றலில் 6, 7 சதவீதம் இப்படிப் போய்விடுகிறது. இதை ரூபாயில் சொன்னால்தான் ஆச்சிக்கு உறைக்கும். 150 ரூபாய்த் தீவனம் போட்டால் ஏறக்குறைய பத்து ரூபாய் ஏப்பமாக மேலே போகிறது. பாலாகவோ கன்றாகவோ சதையாகவோ ஆகியிருக்க வேண்டிய பத்து ரூபாய்.

மீத்தேன் ஏன் கெட்ட பெயர் வாங்குகிறது? நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப் போல 27, 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஆனால் அது காற்றில் நிற்பது 12 வருஷம் போலத்தான். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும்.

"காலங்காலமா மாடு ஏப்பம் விடலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி. மாட்டு ஏப்பத்தில் இருக்கிற கரி (கார்பன்), போன மழைக்கு முளைத்த புல் காற்றிலிருந்து எடுத்த கரி. பெட்ரோல், நிலக்கரி மாதிரி பூமிக்கு அடியில் கிடந்ததைத் தோண்டி எடுத்து எரிப்பது இல்லை. மாட்டுக்கூட்டம் பெருகாமல் ஒரே அளவில் இருந்தால் அதன் மீத்தேன் பழையது கரையக் கரையப் புதியது சேரும், குவியல் பெரிதாக ஏறாது. ஆனால் உலகத்தில் மாடுகள் பெருகித்தான் வந்திருக்கின்றன. இந்தியாவில் 2023-24இல் மட்டும் 23.9 கோடி டன் பால் கறந்திருக்கிறோம். உலகத்திலேயே நாம்தான் முதல். ஆகவே நமக்குச் சம்பந்தமில்லை என்று கையை உதறிவிட முடியாது. அதற்காக மூன்று மாட்டை வைத்து வயிறு கழுவுகிற ஆச்சியையும், காரில் ஊர் சுற்றுகிறவனையும் ஒரே தராசில் நிறுத்துவதும் எனக்குச் சம்மதமில்லை.

மாட்டுக்கு எத்தனை, லிட்டருக்கு எத்தனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால் அது இந்தப் பகுதிதான்.

ஒரு மாடு எவ்வளவு மீத்தேன் விடுகிறது என்று கேட்டால், மாட்டை விற்பதுதான் பதிலாக வந்து நிற்கும். ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு பக்கம் போகும். ஏனென்றால் மாடு கறந்தாலும் கறக்காவிட்டாலும் தின்னும். தின்றால் ஏப்பம் விடும்.

ஆச்சியின் இரண்டு மாடுகளை வைத்தே பேசலாம். எண்களைக் கணக்குக்காக முழுசாக்கியிருக்கிறேன். செவலை 14 மாதத்துக்கு ஒருமுறை கன்று போடுகிறது என்று வையுங்கள், அதாவது 420 நாள். அதில் 300 நாள் கறக்கிறது, சராசரி 7 லிட்டர். மொத்தம் 2,100 லிட்டர். மிச்சம் 120 நாள் மடி வற்றி நிற்கிறது. கருப்பி அதே சாதி, அதே 7 லிட்டர். ஆனால் சினை பிடிக்கத் தள்ளிப்போய், 20 மாதத்துக்கு ஒருமுறைதான் கன்று, அதாவது 600 நாள். அதில் 330 நாள் கறந்து 2,310 லிட்டர். மிச்சம் 270 நாள் சும்மா நிற்கிறது.

இரண்டும் நாளைக்கு 160 கிராம் மீத்தேன் விடுகின்றன என்று வைத்தால், செவலையின் ஒரு லிட்டர் பாலுக்கு 32 கிராம். கருப்பியின் ஒரு லிட்டருக்கு 41, 42 கிராம். (வற்றின மாடு கொஞ்சம் குறைவாகத் தின்னும், ஏப்பமும் குறையும். எளிமைக்காக ஒரே அளவு வைத்தேன்.) இப்போது காசைப் பாருங்கள். சும்மா நிற்கிற நாளுக்குத் தீவனம், தவிடு எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 100 ரூபாய். செவலைக்கு 12,000 ரூபாய், லிட்டருக்குப் பிரித்தால் ஆறு ரூபாய்க்குள். கருப்பிக்கு 27,000 ரூபாய், லிட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கிட்டே. வித்தியாசம் ஆறு ரூபாய்.

2023 டிசம்பரில் தமிழக அரசு ஆவினுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. பசும்பாலுக்கு 35 ரூபாயாக இருந்தது 38 ரூபாய் ஆனது. அந்த 3 ரூபாய்க்காக எவ்வளவு மறியல், எவ்வளவு மனு! நியாயமான கோரிக்கைதான். ஆனால் கருப்பி சும்மா நின்ற நாள்கள் அதைப்போல இரண்டு மடங்கைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டன. யாரும் மறியல் பண்ணவில்லை, ஏனென்றால் அது எந்தப் பால் அட்டையிலும் எழுதப்படுவதில்லை.

ஆக, வானத்துக்கு நல்லதும் மடிசீலைக்கு நல்லதும் இந்த ஒரு இடத்தில் ஒன்றாக வந்து நிற்கின்றன. எல்லா இடத்திலும் அப்படி நிற்காது. கிடைத்த இடத்திலாவது பிடித்துக்கொள்ளலாம்.

கருப்பி ஏன் சும்மா நின்றது

பசுவின் சினைக்காலம் 280 நாள் சொச்சம். அப்படியென்றால் செவலைக்குக் கன்று போட்ட 140 நாளில் சினை பிடித்திருக்கிறது. கருப்பிக்கு 320 நாள் ஆகியிருக்கிறது. நடுவில் 180 நாள். மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். எட்டு ஒன்பது பருவம் கையை விட்டுப் போயிருக்கிறது.

எப்படிப் போகும்? முதலாவது, பார்க்காமல் விடுவது. மாடு கத்தும், மற்ற மாட்டின் மேல் தாவும், கண்ணாடி மாதிரி வழவழவென்று வழும்பு ஒழுகும், பால் குறையும். சில மாடு எதையும் காட்டாமல் ஊமையாக வந்து போய்விடும், அதுவும் வெயில் காலத்தில், இரவு நேரத்தில். காலையில் அறிகுறி கண்டால் அன்று சாயங்காலம் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை என்பது பொதுவான கணக்கு. ஊசி போடுகிறவர் ஒருநாள் தள்ளி வந்தால் காசும் போச்சு, 21 நாளும் போச்சு. ஊருக்கு ஊர் இதுதான் நிலைமை. நானே ஒருமுறை நாள் முழுக்கப் போன் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் மத்தியானம் வந்தார், பருவம் போய்விட்டிருந்தது.

இரண்டாவது, தாது உப்பு. வைக்கோலும் தவிடுமாகத் தின்கிற மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம், செம்பு எல்லாம் குறைந்துபோகும். குறைந்தால் முதலில் அடிபடுவது கருப்பைதான். மாடு வெளியே நன்றாகத்தான் தெரியும், சினை பிடிக்காது. ஒரு நாளைக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை போதும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே தமிழ்நாட்டு மண்ணுக்கு ஏற்றபடி ஒரு கலவை செய்து விற்கிறது. ஒரு டீயைவிடக் குறைந்த செலவில் முடிகிற இந்தக் காரியம் ஏன் வீடு வீடாகப் போகவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

மூன்றாவது தீவனம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வயிறு நிறையும், மடி நிறையாது

பால் கறக்க ஆகிற செலவில் 60, 70 சதவீதம் தீவனம்தான். களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் மாட்டுக்கு வாழைத்தண்டு வெட்டிப் போடுவார்கள். சும்மா கிடைக்கிறது, மாடும் ஆசையாகத் தின்கிறது. ஆனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அடுத்தது வைக்கோல். பிசான நெல் போகம் அறுத்ததும் மாசி, பங்குனியில் எந்திரம் உருட்டிப் போடுகிற வைக்கோல் கட்டுகள் லாரி ஏறிப் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. நம் ஊர்க்காரர்கள் அறுப்பு சமயத்தில் மலிவாக விற்றுவிட்டு, ஐப்பசி மழையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். முன்பு களத்துப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு வைக்கோல் படப்பு நின்றது. இப்போது படப்பு வேயத் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். இதை மட்டும் தின்கிற மாட்டின் வயிற்றில் புளிப்பு மெதுவாக நடக்கும், லிட்டருக்கு ஏப்பம் அதிகம். வைக்கோலையே கொஞ்சம் தேற்றலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் போகாமல் தார்ப்பாய் போட்டு மூன்று வாரம் மூடி வைப்பார்கள். வைக்கோல் இளகும், புரதமும் ஏறும். ஆனால் ஒன்று: யூரியாவை நேராக மாடு நக்கினாலோ கரைத்த தண்ணீரைக் குடித்தாலோ செத்துப்போகும். கன்றுக்குட்டிக்கு இந்த வைக்கோலே கூடாது. முதல்முறை கால்நடை டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

பசும்புல்தான் சரியான வழி. கோ-4, கோ-5 கம்பு நேப்பியர்ப் புல்லைத் தாமிரபரணிப் பாசனத்தில் இப்போது பரவலாகப் பார்க்கலாம். கரணை நட்டு இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒன்று. தண்ணீர் வசதி இருந்தால் 10 சென்ட் நிலம் ஒரு மாட்டின் புல் தேவையில் பெரும்பகுதியைத் தாங்கும். புல்லை மட்டும் போடாமல் வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா என்று பயறுவகைத் தழை ஒரு பங்கு சேர்த்தால் கடையில் வாங்குகிற புண்ணாக்கு குறையும். இவை வரப்பிலும் வேலியிலும் நிற்கும், தனி இடம் கேட்காது.

ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் நிலைமை வேறு. செம்மண், மானாவாரி, கிணறு ஆழம். அங்கே போய்க் கம்பு நேப்பியர் போடு என்பது கேலி செய்கிற மாதிரி. கொழுக்கட்டைப் புல், தீவனச் சோளம், வரப்பில் வேலிமசால் என்று தண்ணீர் குறைவாகக் கேட்பதைத்தான் பார்க்க வேண்டும். சோளநாற்று விஷயம் அங்கே எல்லோருக்கும் தெரியும்: மழை தப்பி வாடி நிற்கிற இளஞ்சோளத்தில் விஷம் ஏறியிருக்கும், மாடு மேய்ந்தால் மணி நேரத்தில் விழுந்துவிடும். பூத்த பிறகு அறுத்தால் பயமில்லை. புதிதாக மாடு வாங்குகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

மழைக்குப் பிறகு கார்த்திகை, மார்கழியில் புல் கொழிக்கும். சித்திரை, வைகாசியில் காயும். நடுவில் பாலம் போடுவதற்கு ஊறுகாய்ப்புல் என்று ஒரு முறை உண்டு. மக்காச்சோளத் தட்டையையோ புல்லையோ சிறிதாக நறுக்கி, பிளாஸ்டிக் டிரம்மில் காற்றில்லாமல் மிதித்து அழுத்தி மூடி வைத்தால் ஒன்றரை மாதத்தில் புளித்துப் பதமாகிவிடும். நார்த்தங்காய் ஊறுகாய்க்கு என்ன தத்துவமோ அதே தத்துவம். மூடி திறக்காதவரை பல மாதம் கெடாது. ஆச்சி மாதிரி ஆட்களுக்கு இதில் உள்ள ஒரே தடை நறுக்குகிற எந்திரம். ஊருக்கு ஒன்று சொசைட்டியில் இருந்தால் போதும்.

ஏப்பத்தையே குறைக்கிற தீவனப் பொருள்களும் வந்துகொண்டிருக்கின்றன. வெளிநாடுகளில் ஒரு சிவப்புக் கடற்பாசியை வைத்துச் சோதனைகள் நடக்கின்றன. பெங்களூரில் உள்ள கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனம் புளியங்கொட்டைத் தோலில் இருக்கிற துவர்ப்புச் சத்தை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறது. சாலை ஓரமெல்லாம் புளியமரம் நிற்கிற நம் ஊருக்கு இது வந்தால் நல்லதுதான். ஆனால் தாது உப்பே போய்ச் சேராத தொழுவுக்கு அது கடைசியாகத்தான் வந்து சேரும்.

வெயிலும் வெள்ளமும்

பாளையங்கோட்டை வெயில் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுக்கு நம்மைவிடக் கஷ்டம். வயிற்றுக்குள் புளிக்கிற பானையே ஒரு அடுப்பு மாதிரி சூடு கக்கும். வெளியிலும் சூடு என்றால் மாடு நாக்கை நீட்டி மூச்சு வாங்கும், தீவனம் இறங்காது, பால் குறையும், பருவம் ஊமையாகிவிடும். திரும்பவும் சும்மா நிற்கிற நாள்.

முன்பெல்லாம் தொழுவுக்குப் பனை ஓலைக் கூரை. இப்போது தகரமும் ஆஸ்பெஸ்டாஸும். பார்வைக்கு நிமிர்வாக இருக்கிறது, உள்ளே மாடு வேகிறது. தகரத்தின் மேல் ஓலையைப் பரப்பினாலோ வெள்ளை அடித்தாலோ சூடு நன்றாகக் குறையும். வேம்பும் பூவரசும் நட்டால் இன்னும் உத்தமம். தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் கிடக்க வேண்டும். வெயில் காலத்தில் கறவை மாடு நாளைக்கு 60, 80 லிட்டர்கூடக் குடிக்கும். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி காட்டுவது எந்த மூலைக்கு? தீவனத்தை உச்சிவெயிலுக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் போட வேண்டும்.

வெள்ளம் என்றால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ மாடுகள் கட்டின கயிற்றோடு போயின. மாடு நன்றாக நீந்தும். அவிழ்த்து விட்டிருந்தால் பாதி பிழைத்திருக்கும் என்று பிறகு பலர் சொல்லி அழுதார்கள். மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு வில்லை, காப்பீட்டு ரசீது, செத்தால் பிரேதப் பரிசோதனைச் சான்று என்று எல்லாம் இருந்தவர்களுக்குத்தான் காப்பீட்டுப் பணம் கேட்க வழி இருந்தது.

சாணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டுப் பெரிய பண்ணைகளில் சாணத்தைத் தண்ணீரோடு கழுவிக் குளம் மாதிரி தேக்குவார்கள். காற்றில்லாத அந்தக் குளம் மீத்தேன் கக்கும். நம் ஊரில் சாணத்தை அள்ளி எருக்குழியில் காயப் போடுவதால் அந்தத் தொல்லை குறைவு. சாண எரிவாயு போட ஆசை இருந்தால் கணக்கு இதுதான்: 25 கிலோ சாணத்துக்கு ஏறக்குறைய ஒரு கனமீட்டர் வாயு. 2 கனமீட்டர் கலனுக்கு நாலைந்து மாடு வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் கலனைத் தள்ளிவிட்டால் ஆறு மாதத்தில் அது கோழி அடைக்கிற இடமாகிவிடும்.

நாட்டு மாடா, கலப்பு மாடா

இந்தச் சண்டைக்குள் முழுசாக இறங்கப் போவதில்லை. நாட்டு மாடு வெயிலும் நோயும் தாங்கும், குறைவாகத் தின்னும், குறைவாகக் கறக்கும். பாலை விற்றுத்தான் வீடு ஓட வேண்டும் என்றால் ஜெர்சி கலப்பு இந்தச் சமவெளிக்குப் பொருந்தும். கறுப்பு வெள்ளை எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) சாதி மலைக்குளிருக்குத்தான் சரி. திருநெல்வேலி வெயிலில் அதை வைத்துக்கொண்டு மின்விசிறிக்குக் கரண்டு கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தம் எருமையைப் பற்றித்தான். தமிழ்நாட்டில் 2012 கணக்கெடுப்பில் 7.8 லட்சம் இருந்த எருமைகள் 2019இல் 5.19 லட்சமாகிவிட்டன. வைக்கோலையும் கெட்டியான பாலாக்குகிற பிராணி. குளத்தில் தண்ணீர் இருந்தவரை அதற்குக் குளிர்ச்சியும் செலவில்லாமல் கிடைத்தது.

ஆதரவு என்றால் என்ன

மேலே சொன்னதில் ஆச்சிக்குத் தெரியாதது பாதிகூட இல்லை. பிறகு ஏன் செய்யவில்லை? ஒவ்வொன்றுக்கும் காசு இன்றைக்குப் போகிறது, பலன் அடுத்த வருஷம் வருகிறது. பால் காசுப் பட்டுவாடா பத்து நாளுக்கு ஒருமுறை வருகிற வீட்டில் ஒரு வருஷம் என்பது ரொம்ப தூரம். வாழை நிற்கிற இடத்தில் 10 சென்ட் புல் போட்டால் அந்த வருஷம் அந்த வாழைக்குலை இல்லை. அந்த இடைவெளியை யாராவது தாங்க வேண்டும். பால் உற்பத்தியாளருக்கு ஆதரவு என்று நான் சொல்வது இதைத்தான்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லாக் கறவை மாடு கொடுக்க ஆரம்பித்தது. மாடு கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிற உதவி, படம் எடுக்கலாம். புல்லும் தாது உப்பும் நேரத்துக்கு வருகிற சினை ஊசியும் படத்தில் விழாது. 2018-19 முதல் கிசான் கடன் அட்டை மாடு வளர்ப்பவர்களுக்கும் உண்டு. அதில் மாட்டை வாங்குவதைவிடத் தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் எடுப்பதுதான் அதன் நோக்கம். 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பெண் கன்றே பெரும்பாலும் பிறக்கிற, பாலினம் பிரித்த உறைவிந்து வந்திருக்கிறது. இத்தனையும் இருந்தும் ஆச்சியின் தொழு வரைக்கும் வருகிற கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் தகராறு. அந்த இரண்டு கிலோமீட்டரைத் தினம் இரண்டு வேளை நடக்கிற ஒரே அமைப்பு பால் சொசைட்டி. தாது உப்பைக் கொடுத்துப் பால் காசில் பிடித்துக்கொள்வதும், எந்த வீட்டில் எந்த மாடு எப்போது ஈன்றது என்று நோட்டுப் போடுவதும் அதனால் முடியும். அதைச் செய்கிற சொசைட்டிகள் இருக்கின்றன. தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு கதவைச் சாத்துகிற சொசைட்டிகளும் இருக்கின்றன.

டென்மார்க்கில் 2030 முதல் மாடு விடுகிற வாயுவுக்கு வரி என்று 2024இல் முடிவெடுத்திருக்கிறார்கள். நியூசிலாந்து அப்படி ஒரு வரியைப் போடப்போய் அதே 2024இல் கைவிட்டது. டென்மார்க் மாடு வருஷத்துக்கு 10,000 லிட்டர் கறக்கும். அங்கே கறவையை இன்னும் கூட்டி லிட்டருக்கான ஏப்பத்தைக் குறைப்பது பிரயாசை. நமக்கு அந்த வழி இன்னும் தாராளமாகத் திறந்து கிடக்கிறது. வரிக்கு இங்கே வேலையே இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். லிட்டருக்கான ஏப்பம் குறைந்தாலும், லாபம் வருகிறது என்று இரண்டு மாட்டை ஐந்தாக்கினால் மொத்த ஏப்பம் கூடும், கிணறும் வற்றும். சும்மா நிற்கிற மாட்டைக் குறைத்து அதே பாலைக் கறப்பதுதான் இந்தக் கணக்கின் உயிர்.

ஆனி பிறந்ததும் மறுபடி ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். லிட்டருக்கு 32 கிராம், 42 கிராம் என்றதைக் காதில் வாங்கவே இல்லை. 270 நாள் என்றதும் நிமிர்ந்தாள். உள்ளே போய்த் தினத்தாள் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"கருப்பி நேத்துக் கத்துச்சு. ஊசிக்காரரு வரல. அடுத்தது எப்போன்னு பாரு."

இருபத்தொன்று எண்ணினேன். நெல்லையப்பர் கோவில் தேரோட்டம் அன்றைக்கு வந்தது.

"ஆச்சி, அன்னைக்குத் தேருல்லா?"

"தேரு நாலு ரதவீதியும் சுத்தி நிலைக்கு வர நேரம் ஆகும். விடியக்காலம் மாட்டப் பாத்துட்டுப் போயிக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.